வேலை கேட்ட இரும்பன்

அக்கா,

பேத்தி தென்காசி பஜாரில் ஒரு பொம்மை வாங்கி வந்திருக்கிறாள். இரும்பு மனுஷன் மாதிரி ஒன்று. கையில் துப்பாக்கி, நெஞ்சில் சிவப்பு விளக்கு, பேட்டரி போட்டால் நடக்கிறது. நேற்று மத்தியானம் அது சுவரில் போய் முட்டியது. முட்டியும் நிற்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே காலை மாற்றி மாற்றி எடுத்து வைத்துக்கொண்டிருந்தது. பேத்தி தூங்கிவிட்டாள். எனக்கு அதை நிறுத்தத் தெரியவில்லை. பார்க்கப் பொறுக்காமல் துண்டைப் போட்டு மடியில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். துண்டுக்குள்ளேயும் கால் நடந்தது.

அப்போதே உனக்கு நாலு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. எழுத்து எனக்கு எந்நாளும் வந்ததில்லை, உனக்குத் தெரியும். நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள். “மாமா, குடம் அடிச்ச மாதிரி வேகமா சொல்லாதிய, கை வலிக்கி” என்கிறாள்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் அது. ஒரே வருஷத்தில் இரண்டு தடவை ஓட்டுப் போட்டோம், டில்லிக்கு ஒன்று, மெட்ராஸுக்கு ஒன்று. முதலில் வைத்த மை நகத்தோடு வளர்ந்து முடிவதற்குள் இரண்டாவது மை வைத்தார்கள். அந்த ஆடியில்தான், குற்றாலம் போகிற ரோட்டோரம் வயலுக்கு நடுவே இருக்கிற மாடன் கோயில் கொடை விழாவுக்கு நம்மை வில்லுப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நீ வில்லடித்துப் பாடுவாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து குடம் அடித்து, நீ விடுகிற ஒவ்வொரு அடிக்கும் “ஆமா” போடுவேன். அதுதான் என் பிழைப்பு.

கொடை நடத்துகிற அண்ணாச்சி முந்தின நாளே உன்னிடம் வந்து நின்றார். “சாரல் நல்லா விழுது பாட்டுக்காரம்மா. ஜனம் பூரா அருவிக்கு ஓடிருது. பழைய கதையப் பாடினா உச்சிப் பூசைக்கு நானும் பூசாரியுந்தான் இருப்போம். புதுசா ஒண்ணு எடுத்து விடுங்க.”

“மாடனுக்குப் புதுசா ஒரு தம்பியப் பெத்துப் போடச் சொல்லுதியளா அண்ணாச்சி?”

“பெத்துப் போடுங்களேன், யாரு வேண்டாங்கா?”

நீ சிரித்தாய். ஆனால் அந்தப் பேச்சு உன் தலைக்குள் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலையில் ஐந்தருவியில் குளித்துவிட்டுப் பாறையில் தலையை உலர்த்திக்கொண்டே கதையைச் சொன்னாய். ஒரு ராஜா, அவனுக்கு ஒரு மந்திரவாதி. மந்திரவாதி உலை மூட்டி, சண்டைக்கென்றே இரும்பில் ஆட்களை வார்க்கிறான். அவர்களுக்குப் பசி இல்லை, தூக்கம் இல்லை, சாவும் இல்லை.

“ஆனா நெனப்பு உண்டுலே” என்றாய். “இரும்போட நெனப்பையும் சேத்து உருக்கிட்டான் அந்தப் பாவி. அதுதான் அவன் செஞ்ச தப்பு.”

சண்டையில் ஜெயிக்கிறார்கள். எதிரி இல்லாமல் போனதும் ராஜாவுக்கு அவர்களைப் பார்த்தே பயம். இனிமேல் உங்களுக்கு இங்கே சோலி இல்லை என்று கோட்டைக் கதவை அடைத்துவிடுகிறான். இரும்பர்கள் ஊர் ஊராக நடக்கிறார்கள். எந்த ஊரில் போய் வேலை கேட்டாலும் ஜனம் அலறி ஓடுகிறது.

“பெறகு?”

“பெறகு என்ன, பாடும்போது வரும்.”

“வரலைன்னா யக்கா?”

“நீ ‘ஆமா’வ நல்லா இழுத்துட்டுக் கெட. அதுக்குள்ள வந்துரும்.”

நான் அதோடு விட்டுவிட்டேன். இருந்தாலும் மனசுக்குள் ஒரு முள். வில்லில் பிறந்தவன் யாராக இருந்தாலும் அவனுக்கு நிலையம் கொடுக்காமல் வாழி பாடி முடிக்கக் கூடாது. நிற்க ஓர் இடம், காக்க ஒரு பொருள், இரண்டையும் பாட்டிலேயே கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் பிறந்தவன் அலைவான். நம் தொழிலில் எல்லாரும் நம்புகிற சங்கதி அது.

கதை நன்றாகத்தான் ஏறியது. உலை மூட்டுகிற இடம் வந்தபோது ரோட்டில் குற்றாலம் பஸ் வந்து ஹாரன் அடித்தது. பின்வரிசை மொத்தமும் துண்டை உதறிக்கொண்டு எழுந்தது. அண்ணாச்சி உன்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் நீ வரத்து அடியைப் பிடித்தாய்.

மருமகளுக்கு இது தெரியாது, அதனால் சொல்கிறேன். வரத்து என்பது சாமியை ஆள்மேல் இறக்குகிற அடி. மாடனுக்கும் அவன் பரிவாரத்துக்கும் மட்டும்தான் அதை அடிப்போம். அதைக் கொண்டுபோய் பெயரே இல்லாத ஒரு இரும்புப் பிள்ளை பிறப்பதற்கு அடித்தாய். நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. வில் போகிற வழியில் குடம் போக வேண்டும், என் கை போனது.

எழுந்த ஜனம் அப்படியே உட்கார்ந்தது. கோட்டைக் கதவை அடைத்து, அவர்களை ரோட்டில் நிறுத்தி, “எங்களுக்கு என்ன வேலை, எங்களுக்கு என்ன வேலை” என்று நீ இரண்டாம் தடவை பாடும்போது, பந்தல் காலுக்குப் பக்கத்தில் விறைத்து நின்றுகொண்டிருந்த செல்லையா அலறினான்.

செல்லையா பங்களாதேஷ் சண்டைக்குப் போய்விட்டுப் பட்டாளத்தை விட்டு வந்தவன். ரைஸ் மில்லில் சேர்த்துவிட்டார்கள். ஒரு மூட்டை சரிந்த சத்தத்துக்குத் தரையில் குப்புறப் படுத்துவிட்டான். வேறு எந்த வேலையும் நிலைக்கவில்லை. காலையில் எழுந்ததும் சட்டை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு முற்றத்தில் நிற்பான், வெயில் ஏறும்வரை. அவன் பெண்டாட்டி பொன்னம்மா ஒரு நாள் உன்னிடம் வந்து அழுதாள். “யாராவது ஆர்டர் போடுவாங்கன்னு நிக்காருக்கா. நா என்ன ஆர்டர் போட?”

அன்றைக்கு அவள் பெண்கள் வரிசையில் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

செல்லையா ஒரே தாவலில் பீடத்துக்குப் போய் மாடனின் வெட்டரிவாளை எடுத்துவிட்டான். சாமி வந்துவிட்டது என்று பெண்கள் குலவை போட்டார்கள். பூசாரி திருநீற்றுத் தட்டோடு வந்தார்.

“யாரு வந்திருக்கது? மாடனா? பேச்சியா?”

“இரும்பன்.”

பூசாரி கை தட்டோடு நின்றது. “அப்படி ஒரு சாமி இந்தக் கோயில்ல இல்லையேப்பா.”

“சண்டை முடிஞ்சிட்டு. வேலை சொல்லு. சொல்லலைன்னா வெட்டிருவேன்.”

குலவை அடங்கிவிட்டது. மாடன் வந்தால் பழம் கொடுத்து, பூ கொடுத்து மலையேற்றிவிடலாம். பீடமே இல்லாத ஒருவனை எதைக் கொடுத்து ஏற்றுவது? பூசாரி பின்னால் நகர்ந்தார். அரிவாள் பெண்கள் வரிசைப் பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. ஒருத்தரும் எழுந்து ஓடவில்லை. ஓடினால் அவன் கண் தங்கள் மேல் திரும்பும் என்று பயம்.

“வில்ல நிறுத்தும்மா!” என்று அண்ணாச்சி கத்தினார்.

நீ நிறுத்தவில்லை. பாட்டுக்கு நடுவே என் பக்கம் குனிந்து, “நிறுத்தினா இவன் எங்கன போவான்?” என்றாய்.

கோட்டை வாசலில் காவல் நில் இரும்பா என்று பாடினாய்.

“நின்னாச்சி! வேற!”

புதுக்கோட்டை ஒன்று கட்டு இரும்பா என்று பாடினாய்.

“கட்டினா எவனாவது இடிப்பான். வேற சொல்லு!” அரிவாள் முன்னைவிட உயர்ந்தது. அதற்கு நேர் கீழே பொன்னம்மாவின் தலை.

என் “ஆமா” நின்றுவிட்டது. கை மட்டும் குடத்தில் போய்க்கொண்டிருந்தது. அப்போது நீ பாட்டை விட்டுவிட்டு, வெறும் பேச்சில், அடியை மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டே கேட்டாய்.

“இரும்பா, அந்தச் சண்டையில நீ செய்யாம விட்டுட்டு வந்தது என்னதுலே?”

செல்லையா அரிவாளை இறக்காமலே சொன்னான்.

“ஓடைக்குள்ள ஒருத்தன் கெடந்தான். எதிராளி. வயித்துல குண்டு. வாயத் தொறந்து காட்டினான். பாஷ தெரியல, தண்ணின்னு வெளங்கிச்சி. எங்கிட்ட தண்ணி இருந்துச்சி. நிக்காதன்னு ஆர்டர். நா போயிட்டேன்.”

நீ கண்ணை மூடிக்கொண்டாய். உச்சிப் பூசைக்கு அருவியிலிருந்து கொண்டுவந்த செப்புக்குடம் பீடத்தின் முன் நிறையத் தண்ணீரோடு இருந்தது. வில்லடிக்கிற வீசுகோலை அதன் பக்கம் நீட்டினாய்.

வாளு தூக்கச் செஞ்ச கையி – இரும்பா
வார்த்துக் குடு தாகத்துக்கு
துருவேறித் தேஞ்சாலும் – இரும்பா
தொண்டை நனைச்ச பேரிருக்கும்

“அது சாமி தண்ணி!” என்றார் அண்ணாச்சி.

“சாமிக்குத்தான் கேக்கேன்” என்றாய், அவர் பக்கம் திரும்பாமலே.

செல்லையா குடத்தின் அருகே போனான். இடக்கையால் தூக்கிப் பார்த்தான். நிறைகுடம், ஒரு கைக்கு வரவில்லை. வலக்கையில் இருந்த அரிவாளைப் பார்த்தான். குடத்தைப் பார்த்தான். நீ அந்த நாலடியையே திரும்பத் திரும்பப் பாடினாய். நான் எனக்கே கேட்காத சத்தத்தில் “ஆமா, ஆமா” என்றேன்.

அரிவாள் மண்ணில் விழுந்தது. யாரோ எடுக்கப் போக, தொடாதே என்று பூசாரி தலையை ஆட்டினார். செல்லையா இரண்டு கையாலும் குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினான். குடிக்கத்தான் ஆள் இல்லை. அவன் ஒரு எட்டு வைத்தால் வரிசை ஒரு எட்டு பின்னால் போனது. நீ பாடிய கதையில் நடந்த அதேதான், அக்கா. கெட்டுப்போயிற்று என்றே நினைத்தேன்.

பொன்னம்மா எழுந்து வந்தாள். அவன் முன்னால் குனிந்து இரண்டு கையையும் குவித்தாள்.

அவன் ஊற்றினான். பாதி அவள் தலையில் விழுந்தது. குடித்தாள். “போதுமா?” என்றான். அது இரும்பன் கேட்டதா, செல்லையா கேட்டதா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

“இன்னும் ஊத்துங்க” என்றாள். சேலை முழுக்க நனைந்து, மூச்சு முட்டி, குடம் காலியாகிறவரை அவள் கையை எடுக்கவில்லை. காலிக் குடத்தோடு அவன் அங்கேயே உட்கார்ந்து அழுத பிறகுதான் நீ வாழி பாடினாய். தாகம் எடுத்தவன் பக்கத்தில் இரும்பனுக்கு நிலையம் என்று பாடினாய். அப்படி ஒரு நிலையத்தை எந்த வில்லிலும் நான் கேட்டதில்லை.

பிறகு நடந்ததில் பாதி உனக்கே தெரியும். கேரளா எல்லையில் புளியறை செக்போஸ்டில் லாரிகள் வரிசையில் காத்துக் கிடக்குமே, அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் செல்லையா தண்ணீர் சுமக்கச் சேர்ந்தான். கடைக்கு ஊற்றியது போக, குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு லாரி லாரியாகப் போவான். “வெள்ளம் சேட்டா, வெள்ளம்” என்று தண்ணீர் கேட்டு மலையாளத்து டிரைவர்கள் தூரத்திலேயே கை காட்டுவார்கள். வீட்டில் பொன்னம்மாவும் தினம் அவனிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பாள். விரல் இடுக்கெல்லாம் ஈரத்தில் வெந்து புண்ணாகிக் கிடக்கும். நீ மருந்து போடச் சொன்னதற்கு, “துரு யக்கா, அப்படித்தான் இருக்கும்” என்று சிரித்தான். அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்தக் கதையை நீ அப்புறம் பாடவில்லை. வாசுதேவநல்லூர்க்காரர்கள் கொடைக்கு வந்து கெஞ்சினார்கள். “இடம் குடுத்து அனுப்பினவனத் திரும்பக் கூப்பிடப்படாது” என்று முடித்துவிட்டாய்.

நம் தெருவுக்கு முதல் டி.வி. பெட்டி வந்த வருஷம் நீ படுத்தாய், பிறகு எழுந்திருக்கவில்லை. தெரு முழுக்க அங்கே போய் உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாய். “பொன்னம்மா இருக்கற வரைக்கும் அவளுக்குத் தாகம் எடுத்துட்டே இருக்கும். அவளுக்குப் பெறகு நீ பாத்துக்கிடுவியால?”

“ஆமா” என்றேன். வாழ்நாள் பழக்கம், யோசிக்காமல் வந்துவிட்டது.

அக்கா, பொன்னம்மா போன மாதம் போய்ச் சேர்ந்தாள். காரியம் முடிந்த மறுநாளே செல்லையா முற்றத்தில் விறைத்து நின்றுவிட்டான். மகனைத் தெரியவில்லை, என்னையும் தெரியவில்லை. “வேலை என்ன? வேலை சொல்லு” என்று வருகிறவர் போகிறவரை எல்லாம் சட்டையைப் பிடிக்கிறான். மகன் வீட்டிலிருந்த அரிவாள், கத்தி எல்லாவற்றையும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் ஒளித்துவைத்துவிட்டான்.

நான் தினமும் போகிறேன். “செல்லையா, தொண்ட வறளுதுப்பா” என்கிறேன். அந்த விறைப்பு இறங்கி உள்ளே போகிறான். செம்புத் தண்ணீரைச் சிந்திச் சிந்திக் கொண்டுவருகிறான். குடிக்கிறேன். “போதுமா?” என்று கேட்கிறான். போதும் என்று சொன்னால் திரும்பவும் முற்றத்தில் போய் நின்றுவிடுவான். எனக்கு இதயம் வீங்கியிருக்கிறது, தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டதும் மருமகள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை முறைக்கிறாள். எழுது தாயி, இன்னும் கொஞ்சம்தான்.

உன்னிடம் சொன்ன அந்த “ஆமா”வைத்தான் வயிறு கனக்கச் சுமந்துகொண்டு வீடு திரும்புகிறேன். எனக்கு அப்புறம் அவனிடம் யார் போய்த் தண்ணீர் கேட்பார்கள் என்று நினைத்தால்தான் நடை தளர்கிறது. அண்ணாச்சி போய்விட்டார். பூசாரி போய்விட்டார். நீ போய்விட்டாய், பொன்னம்மாவும் வந்து உன்னோடு சேர்ந்திருப்பாள். அன்றைக்கு அந்தப் பந்தலில் நடந்ததில் பங்கிருந்த நம்மில், என்னைத் தவிர, இன்னும் உயிரோடு இருப்பது செல்லையா ஒருத்தன்தான்.