புத்தகத்தில் செத்த மனுசன்

லா சப்பல், பாரிஸ்
ஆவணி 2013

அன்பின் அத்தானுக்கு,

முதுகு நோவு குறைந்ததா? நான் சுகம்.

நான் வீடு துப்புரவாக்கும் அமெரிக்கக்காரியைப் பற்றிச் சொன்னேனே, பல்கலைக்கழகத்தில் நாவல் எழுதப் படிப்பிக்கிறவள். முதல் மூன்று நாவலும் தன் விவாகரத்தைப் பற்றியே எழுதினாள். அது தீர்ந்துபோக எங்கள் கதைக்கு வந்துவிட்டாள். வேலைக்கிடையில் நான் கதைத்ததெல்லாம் இப்போது புத்தகம்.

வெளியீட்டுக்குச் சேலை கட்டி வரச்சொன்னாள். தாலிக்கொடியும் குங்குமமுமாகப் போய் நின்றேன். யாரோ ஒரு வெள்ளைக்காரி என் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்து அழுதாள். நாவலில் நீங்கள் வன்னியில் செத்துவிட்டீர்களாம்.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், “என்ரை மனுசனை ஏன் சாக்காட்டினீங்கள்?” என்று எழுதினவளையே கேட்டேன். சாவில்லாமல் கதை நிற்காதாம், மாணவருக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறாளாம். சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். இவளுக்கு ஒரு வகுப்பு, அதைக் கேட்க ஒரு கூட்டம்.

யோசிக்காதீர்கள், வேலையை விடவில்லை. ஆராவது இங்கே வந்தால் மோர்மிளகாய் கொடுத்துவிடுங்கள்.

வியாழன் காலை அவள் வீட்டில் நிற்பேன். மறக்காமல் எனக்குப் போன் எடுங்கள், ஸ்பீக்கரில் போடுகிறேன். கதைக்க ஒன்றும் இல்லாவிட்டால் என்னை ஏசுங்கள். அவளுக்கும் கேட்கட்டும், எனக்கும் கேட்கட்டும்.

மெத்ரோவுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள்
வசந்தரூபி