அவருடைய சாப்பாட்டு ஜெபம்

12 ஜூலை 2009, ஞாயிறு

என் கணவர் இறந்து, நான் புனே பக்கம் ஆகுர்டிக்கு மகள் ஸ்டெல்லா வீட்டுக்கு வந்தபிறகும், அவர் குரலில் பதிந்த ஜெபத்தைக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிடுகிறேன். ஸ்டெல்லா அதை இன்டர்நெட்டில் போட்டு வைத்திருக்கிறாள். இன்று மருமகன் கம்ப்யூட்டரில் வேறு பிரவுசர் மாற்றிவிட்டார். என் கணவர் படம் வந்தது, குரல் வரவில்லை.

"இந்த பிரவுசர் அந்த வகை ஃபைலை எடுக்காதும்மா. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு வகை வச்சிருக்கான்," என்றாள் ஸ்டெல்லா.

"எல்லாரும் உக்காந்து ஒரே வகைன்னு பேசி முடிக்கக் கூடாதா?"

"அரே, அதுக்குத்தாம்மா சண்டையே. நாளைக்கு ரெண்டு வகையாவும் போட்டுடறேன். இப்ப சாப்பிடு."

"நீங்களே ஜெபம் பண்ணுங்க அத்தை," என்றார் மருமகன்.

கண்ணை மூடினேன். "ஆண்டவரே" என்பதற்கு மேல் வரவில்லை. முப்பது வருடமாக நான் ஆமென் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். அதையே சொன்னேன்.