கோபுரத்தடியில் கிடந்த கண்ணாடி

நவம்பர் 14, வெள்ளிக்கிழமை

மூத்த பேரன் ஜெரோம் கட்டட எஞ்சினியர். இரண்டாவது பேரன் டொக்டருக்குப் படிக்கிறான். கடைக்குட்டி ஷெரின் பக்கத்துத் தேவாலயத்தில் மணி அடிக்கும் எட்டுப் பேரில் ஒருத்தி. எத்தனையோ நூறு வருடத்துக் கோபுரம் அது. லண்டனில் எங்கள் பிள்ளைகளில் வேறு யார் அதில் ஏறி அடிக்கிறார்கள்?

பின்னேரம் அங்கே கல்லறைகளில் விழுந்த சருகைக் கூட்டப் போனேன். கோபுரத்தடியில் உடைந்த கண்ணாடி கிடந்தது. குடிகாரர் போத்தல் எறிந்திருக்கிறார்கள் என்று நினைத்து அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டேன்.

ஷெரின் மணிப் பயிற்சிக்குப் போன பிறகு ஜெரோம் போன் எடுத்தான். கதையோடு கதையாக இதையும் சொன்னேன். 

"அம்மம்மா, அது சுவர் வெடிப்புக்குக் குறுக்காலை நான் ஒட்டின கண்ணாடி. சுவர் அசைஞ்சால்தான் உடையும். ஷெரின் எங்கை?"

"கோபுரத்திலை, மேலை."

பக்கத்தில் இருந்து கேட்ட மருமகன் செருப்பும் போடாமல் தேவாலயத்துக்கு ஓடினார். நான் ஷெரினுக்கு ஐந்து தரம் போன் எடுத்தேன். கயிறு பிடிக்கும்போது அவள் போனைப் பார்ப்பதில்லை. மணி கேட்டபடி இருந்தது. கேட்கும்வரை பயமில்லை என்று இருந்தேன்.

இப்போது நின்றுவிட்டது. பயிற்சி முடிய இன்னும் அரை மணித்தியாலம் இருக்கிறது. குடும்ப வட்ஸ்அப்பில் எழுதினேன்: "ஷெரின், வெளியாலை வந்து நிண்டு உன்ரை படம் ஒண்டு எடுத்துப் போடு பிள்ளை. பழசு வேண்டாம்."