செல்வி, உனக்காக ஒரு ஸ்பானிஷ் வினைச்சொல்

என் செல்விக்கு,

நம் கவிதாவுக்குக் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை பாப்லோ, ஸ்பெயின்காரர். மத்ரித்தில் அவளோடு வேலை பார்ப்பவர். கல்யாணம் இங்கேதான், நம் டவுன்ஷிப் மண்டபத்தில். நம்ப முடிகிறதா உனக்கு?

மாப்பிள்ளையின் அம்மா கார்மெனுக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும். உன்னைப் பற்றி அவரிடம் யார் சொல்வது? நான்தானே சொல்ல வேண்டும்? அதனால் கல்யாணத்துக்கு முன்பே, ஷிஃப்ட் முடிந்து வந்ததும் வீடியோ காலில் கவிதாவிடம் ஸ்பானிஷ் படிக்க உட்கார்ந்துவிடுவேன்.

"செல்வி இங்கே இருந்தால்" என்று சொல்ல ஆசைப்பட்டேன். இருப்பதற்கு 'எஸ்தார்' என்பார்கள். அதனால் நானாக 'எஸ்தாரா' என்றேன். உன் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்படி வராதுப்பா. 'அவங்க இருந்தாங்க'ன்னா எப்படிச் சொல்லுவ?"

"எஸ்துவியேரோன்."

"கடைசி 'ரோன்' எடுத்துட்டு 'ரா' போடு."

"எஸ்துவியேரா!"

'செய்தார்கள்' என்பதற்கு 'இசியேரோன்'. 'செய்தால்' என்னும்போது அது 'இசியேரா' ஆகிவிடும். அடங்காத வினைகள் எல்லாம் இந்த ஒரு வழிக்கு அடங்குகின்றன. நாம் 'இருந்தால்' என்றால் ஆள் பக்கத்து அறையில்கூட இருக்கலாம். 'எஸ்துவியேரா' என்றால், ஆள் இல்லை என்று தெரிந்தே சொல்வதாம். அதைக் கேட்டதும் சுவரில் மாலை போட்ட உன் படத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

சுரங்க வேலைக்கு மைன்ஸ் பஸ் பிடிக்கப் போகும்போதும் முணுமுணுப்புதான். "இன்னா அண்ணே, தனியா பேசிகினு போறீங்க?" என்று எதிர் வீட்டு மேரி கேட்டாள். "சம்பந்திக்கிட்ட பேசப் பழகுறேன்மா" என்றேன்.

கல்யாணப் பந்தியில் கார்மென் பண்ருட்டிப் பலாச்சுளையை ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். ஸ்பானிஷிலேயே சொல்லிவிட்டேன்: "செல்வி இங்கே இருந்தால், உங்களுக்கு அவள் கையாலேயே ஊட்டிவிடுவாள்."

'எஸ்துவியேரா' பிசகாமல் வந்தது, செல்வி!

அவர் எழுந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எனக்குப் புரியவேண்டுமென்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "அவர் இருந்தால், இன்று எனக்கு ஒரு தங்கை கிடைத்திருப்பாள்."

கவிதா மொழிபெயர்க்க ஓடிவந்தாள். தேவைப்படவில்லை. அப்புறம் பேண்ட் செட் முழங்க, கார்மென் என்னையும் இழுத்து ஆடவைத்தார். நம் பிளாக் ஜனமே கூடி நின்று போனில் படம் எடுத்தது.

அடுத்த வருஷம் அவர்கள் ஊருக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஜீன்ஸ் போட்டுக்கொண்டுதான் வர வேண்டும் என்கிறாள் உன் மகள். சத்தியமாகப் போட்டுக்கொள்கிறேன். நீ வேண்டிய மட்டும் சிரித்துக்கொள்.

உன் வீட்டுக்காரன்,
கவிதா அப்பா