பிரம்பைக் கீழே வைத்தவர்கள்

2024 நவம்பர் 4, திங்கள்

தொண்டை இன்றும் அப்படியேதான். சுக்கு, மிளகு, கருப்பட்டி என்று என் வீட்டுக்காரி அழகியநாயகி எதையும் விட்டுவைக்கவில்லை. நாகர்கோவில் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். "சத்தம் போட்டுப் பேசுற வேலையா?" என்று கேட்டார். உர டெப்போவில் இருந்து ஓய்வு பெற்றவன், வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் ராஜாவுக்குக் கட்டியம் சொல்லுவேன் என்றேன்.

"எந்த ராஜா?" என்றார்.

நவம்பர் 6

ராஜா இல்லைதான். ஆனாலும் தைத் திருவிழாவில் எங்கள் ஊர்ச் சாமி வெளியே எழுந்தருளும்போது, முன்னால் ஒருத்தன் வெள்ளிப்பூண் பிரம்போடு நின்று ராஜாவின் பட்டப்பெயர்களைச் சொல்ல வேண்டும். அது முடிந்ததும், முன்பு அந்தப் பிரம்பைப் பிடித்தவர்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஊரே "பராக்!" என்று பதில் கொடுக்கும்.

பொறுப்பு எங்கள் குடும்பத்துக்கு. முதல் ஆள் நீலகண்டபிள்ளை, அரண்மனை வாசலில் நின்றவர். அவர் மகன் காய்ச்சலோடு சொல்லி முடித்து, வீட்டுக்கு வந்து செத்தார். இன்னொருத்தர் கள்ளைக் குடித்துவிட்டு ராஜாவின் பட்டம் ஒன்றை முழுங்கிவிட்டு, ஒரு வருஷம் ஊருக்குள் தலைகாட்டவில்லை. அவர் பெயர்கூட வரிசையில் உண்டு! கடைசிப் பெயர் என் அப்பா. உயிரோடு இருக்கும்போதே பிரம்பைக் கீழே வைத்தவனுக்கு மட்டும்தான் இடம் கிடையாது. நடுவில் அப்படி ஒரு ஆள் விட்டுப்போயிருக்கிறது என்று அப்பா சொல்லுவார். பெயரைச் சொன்னதில்லை.

அப்பா பெயருக்குப் பிறகு என் பெயரை நானே சேர்த்துச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், குளிக்கும்போது. நன்றாகத்தான் இருக்கும்.

நவம்பர் 11

புற்று. குரல்வளையை எடுத்துவிட வேண்டுமாம், இந்த மாதமே. தை கழிந்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "அப்புறம் நான் பொறுப்பில்ல" என்றார் டாக்டர்.

பஸ் சுசீந்திரம் தாண்டியது. இவள் பிடித்துக்கொண்டாள். "இல்லாத ராசாவுக்கு வேண்டி சாவப் போறேளா? நான் தாலிய அறுத்துட்டு நின்னு பராக்கு சொல்லட்டா?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

நவம்பர் 12

செத்தால் பெயர் உண்டு. பிழைத்தால் இல்லை. என்ன எழவு நியாயம் இது?

நவம்பர் 15

ஸ்கேனுக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு ஆள் பேச்சுக் கொடுத்தார். இஸ்ரவேல், புதுக்கடைப் பக்கம், ஓய்வுபெற்ற வாத்தியார், சர்ச்சில் பாட்டுக்காரர். அவருக்கும் தொண்டையில் கட்டி. பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். கொடுத்துவைத்தவர். வீட்டுப்பெயர் கேட்டேன். "பிரம்புக்காரன்விளை" என்றார். எந்தப் பிரம்பு என்றேன்.

"எங்க பாட்டாவுக்க பாட்டா கோயில்ல பிரம்பு பிடிச்ச ஆளாக்கும். வேதத்துல சேந்து கிறிஸ்தவனானப்போ பிரம்பக் கொண்டு நடையில வச்சிட்டு எறங்கி வந்துட்டாரு. மாடம்பிள்ளைன்னு பேரு." ஊர்ப்பெயரும் சொன்னார். எங்கள் ஊர்தான். நான் இன்னார் என்று சொன்னேன். "அங்க அவருக்க பேரு சொல்லுவாவளா சாரே?"

இல்லை என்றேன். "செரி" என்று தலையாட்டிவிட்டு, பிளாஸ்கிலிருந்து எனக்குக் கட்டன் சாயா ஊற்றித் தந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நவம்பர் 19

கோவில் கமிட்டித் தலைவர் சுயம்புவைப் போய்ப் பார்த்தேன். உட்காரச் சொன்னார், காப்பி கொடுத்தார். காரியம் நடக்கவில்லை.

"ஒமக்கு வேண்டி நடைமுறைய மாத்த முடியுமா வே? சாவாம கீழ வச்சவன் பேரு வராது. ஒமக்குத் தெரியாததா?"

தெரியும். கல்யாண வீடுகளில் நானே பெருமையாக எடுத்துவிட்ட சட்டம்தானே.

நவம்பர் 23

ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிட்டேன். பயம்தான் காரணம், வேறு ஒன்றும் இல்லை. இவளை நினைத்தும்தான்.

பிரம்பைத் தம்பி மகன் ரதீஷிடம் கொடுத்தேன். வாடகைக் கார் ஓட்டுகிறான். கட்டியம் கேட்டுக் கேட்டே அவனுக்குப் பாடம். வாங்கும்போதே முறைத்தான்.

"உங்க பேரையும் சொல்லுவேன் பெரியப்பா. எவன் கேக்கான்னு பாத்துருவோம்."

"என் பேரு வேண்டாம் மக்கா. மாடம்பிள்ளைன்னு ஒரு ஆளு உண்டு. அவரு பேர அவரு எடத்துல சொல்லு. அது போதும்."

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்தக் கட்டன் சாயாவாக இருக்கும். என் பெயருக்கு ஆசை விட்டுப்போச்சு என்று மட்டும் எழுத மாட்டேன். விடவில்லை.

டிசம்பர் 9

கழுத்தில் ஓட்டை. மூச்சு அது வழியாக. சத்தம் கிடையாது. ஸ்லேட்டில் எழுதிக் காட்டுகிறேன், இவளுக்கு என் கையெழுத்து புரியவில்லையாம். சண்டையில் முன்பும் அவள்தான் ஜெயிப்பாள். இப்போது சீக்கிரம் ஜெயிக்கிறாள்.

2025 ஜனவரி 20

களைப்பு.

பிப்ரவரி 4

இன்று சாமி எழுந்தருளியது. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தேன். ஒரு பக்கம் இவள், மறுபக்கம் இஸ்ரவேல். ரதீஷ்தான் காரில் போய் அவரை அழைத்து வந்தான்.

ரதீஷ் பட்டங்களைச் சொன்னான். வேகம் கொஞ்சம் கூடுதல், ஆனாலும் ஒன்றும் விட்டுப்போகவில்லை. பிறகு பெயர்கள். பாதியில் "மாடம்பிள்ளை!" என்றான். ஊர் முழித்தது. யார் அது? அவன் அடுத்த பெயருக்கு நகரவில்லை. இன்னொரு தடவை சொன்னான். இஸ்ரவேல் எழுந்து நின்று "பராக்!" என்றார், சர்ச்சில் பாடுகிற அதே குரல். பிறகு நாலைந்து பேர், பிறகு எல்லோரும்.

சுயம்பு வேகமாக வந்தார். ரதீஷ் பிரம்பை அவர் பக்கம் நீட்டினான். "அப்போ மிச்சத்த நீங்க சொல்லுகேளா?" அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார்.

அப்பா பெயர் வந்தது. பராக். அதோடு முடிய வேண்டும்.

"வள்ளிநாயகம் பிள்ளை!"

வேண்டாம் என்றுதானே சொன்னேன், பாவி! நானும் வாயைத் திறந்தேன். கழுத்து ஓட்டையில் காற்றுதான் வந்தது. ஊர் ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்தது. உயிரோடு உட்கார்ந்திருப்பவனுக்கு எப்படிச் சொல்லுவார்கள்?

"சீவனோட இருக்க ஆளுக்குப் போயி… கட்டையில போவான்!" என்று ரதீஷைத் திட்டிக்கொண்டே அழகியநாயகி எழுந்தாள். அழுகை. தாலியை ஒரு கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஊருக்கெல்லாம் முன்னால் அவள்தான் சொன்னாள், "பராக்!" என்று.