காற்றாலை ஏறுமுன் சாப்பிடு

மினியாபொலிஸ்
ரமலான் பிறை எட்டு

அன்பு மகன் ஷர்மார்கேவுக்கு,

உன் மீது இறைவனின் அமைதி இறங்கட்டும். இங்கே அப்பாவும் நானும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் நீ நலமா என்று தெரியாமல் அந்த வரியை முடிக்க முடியவில்லை. ஆறு நாளாகப் போனை நீ எடுப்பதில்லை. அதனால் லாரி ஓட்டும் நம் வர்சமேயிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நாளைக் காலையில் அவன் லாரி நீ வேலை பார்க்கும் வடக்கு டகோட்டா வழியாகத்தான் போகிறது, உன் கையில் கொடுக்காமல் நகர மாட்டேன் என்று சொல்லியிருக்கிறான்.

நேராகவே சொல்கிறேன். நீ நோன்பு வைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் நோன்பன்று மதியம் மூன்று மணிக்கு நான் சம்பூசாவுக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தபோது என் போன் அலறியது. உன் கையில் ஒட்டியிருக்கும் சில்லு அனுப்பிய சர்க்கரை அளவு, ஐம்பத்தெட்டு, பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு அம்பு. மாவுக் கையோடு பதினோரு முறை உன்னைக் கூப்பிட்டேன். அந்த நேரத்தில் நீ எண்பது மீட்டர் உயரத்தில் காற்றாலை ஏணியில் நின்றாயா, தரையில் நின்றாயா, எனக்குத் தெரியாது. அரை மணி கழித்து எண் தொண்ணூறுக்கு ஏறியது, ஏதோ குடித்திருக்கிறாய் என்று மூச்சு வந்தது. அதன் பிறகு எண்ணே வரவில்லை. நான் பார்க்க முடியாதபடி அணைத்துவிட்டாய். “நல்லாருக்கேம்மா, வேலை” என்று ஒரு வரி மட்டும் அனுப்பினாய். முன்பு என் ஏழாம் வகுப்பில் ஒருத்தி இருந்தாள், காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டரைக் கவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு எனக்கு ஒன்றுமில்லை டீச்சர் என்பாள். முகம் மட்டும் தக்காளியாகச் சிவந்திருக்கும். ஞாபகம் வந்தது.

முந்தாநாள் வர்சமே வந்து, “உங்க பையன் சிங்கம்மா, எல்லாரும் சாப்பிடப் போறாங்க, அவன் மட்டும் வண்டிக்குள்ள உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டுறான்” என்று பெருமையாகச் சொன்னான். அவனைக் குறை சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது, இதை ஆரம்பித்து வைத்தவளே நான்தானே. பிறை பார்த்த அன்று நம் குடும்பக் குழுவில் உன் சின்னம்மா கின்சி குரல் அனுப்பினாள், “ஏன்க்கா, ஷர்மார்கேக்கு இந்த வருஷம் லீவாமே? அமெரிக்க நோய் வந்தா அமெரிக்க ரமலானா?” என்று சிரித்தாள். லண்டன், நைரோபி என்று நாற்பத்து மூன்று பேர் கேட்கிறார்கள். நானும் வீம்புக்கு, “என் புள்ள ஒரு நோன்பும் விட்டதில்ல, இனியும் விடமாட்டான்” என்று சொல்லிவிட்டேன். நீ நோன்பு வைக்கக் கூடாது என்று டாக்டரும் இமாமும் சொன்னது தெரிந்தே சொன்னேன். நீ அதைக் கேட்டிருக்கிறாய். என் பொய்யை உண்மையாக்கத்தான் நீ பட்டினி கிடக்கிறாய் என்று புரிந்தபோது, மகனே, முப்பத்தொரு வருஷம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் நானா என்று இருந்தது.

நீ சிறுவனாக இருந்தபோது அரைநாள் நோன்பு வைத்தால் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு நட்சத்திரம் ஒட்டுவேன். காய்ச்சலோடு நோன்பு வைத்த நாளுக்கு இரண்டு ஒட்டினேன். அது தப்பு. பயணத்தில் நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கித் தொழுகிறோம், அதைப் பாதித் தொழுகை என்று யாராவது சொல்கிறார்களா? நோயுள்ள உனக்கும் அப்படித்தான் மார்க்கம் ஒரு வழி விட்டிருக்கிறது. உன் அப்பா எதுவும் பேச மாட்டார், தெரியுமல்லவா. ஆனால் முதல் நோன்பிலிருந்தே மாலையில் ஒரு தட்டில் சோறும் இறைச்சியும் ஒரு வாழைப்பழமும் மூடி எடுத்துக்கொண்டு, பள்ளிவாசலுக்குப் பின்னால் தங்கியிருக்கும் முதியவருக்குக் கொடுத்துவிட்டு வருகிறார். உன் நோன்புக்குப் பதிலாக ஒரு ஏழைக்குச் சாப்பாடு. நீ சாப்பிட்டால்தான் அந்தத் தட்டுக்கு அர்த்தம்.

இன்று நோன்பு திறந்ததும் அதே குழுவில் நானே பேசினேன். நான் சொன்னது பொய், என் மகனுக்கு நோன்பு வைக்க அனுமதியில்லை, மருந்து போட்டுச் சாப்பிட்டுத்தான் அவன் உயிரோடிருக்க வேண்டும் என்றேன். அப்புறம் கின்சி தனியாகக் கூப்பிட்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். “அக்கா, எனக்கும் ரெண்டு வருஷமா சுகர். சமையலறைத் திரையை இழுத்து விட்டுட்டு டீ குடிக்கிறேன், என் புருஷனுக்கே தெரியாது” என்று அழுதாள். அவளைத் திட்டுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை, திரையைத் திறடி என்று மட்டும் சொன்னேன்.

உனக்கும் அதையேதான் சொல்கிறேன். வர்சமே கொண்டுவரும் பையில் பேரீச்சம்பழமும் எட்டு டப்பா பழச்சாறும் வைத்திருக்கிறேன், ஒன்று எப்போதும் உன் சட்டைப் பையில் இருக்கட்டும். உன்னோடு ஏறுகிறவனிடம் உன் நோயைச் சொல்லி வை, வெட்கப்படாதே. வர்சமேயின் எதிரிலேயே சாப்பிடு. என் மேல் கோபமிருந்தால் பேச வேண்டாம், பெருநாள் வரை வேண்டுமானாலும் பேசாமல் இரு. அந்த எண்ணை மட்டும் திறந்துவிடு. போன் என் தொழுகை விரிப்பின் ஓரத்தில் கிடக்கிறது, திரையில் உன் எண் இருக்க வேண்டிய இடத்தில் இப்போது ஒரு சின்னக் கோடுதான் இருக்கிறது. ஒவ்வொரு தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும் அதைத்தான் பார்க்கிறேன்.

அல்லாஹ் நீ கால் வைக்கும் ஒவ்வொரு படியையும் உறுதியாக்குவானாக.

சாப்பிட்ட பிறகே ஏறு.

உன் பதிலுக்கு அல்ல, உன் எண்ணுக்குக் காத்திருக்கும்
உன் அம்மா
உபா