உன் பெயர் எழுதிய ரியூப்

மச்சான்,

நேற்று சீனி பார்க்க ரத்தம் கொடுத்துவிட்டு, களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரி வாங்கில் குந்தியிருந்தேன். உள்ளே ரத்தம் சுழற்றும் மெஷின் வேகம் குறைந்து, முனகி நின்றது. சீனிப் பயம் போய் எனக்கு வேறு பயம் வந்துவிட்டது.

நம் பழைய ஆஸ்பத்திரியில் அப்படியொரு மெஷினில் வேலைக்கு நாம் இருவர். ரத்தத்தைக் கண்டால் தலைசுற்றும் நான் அந்த வேலைக்கு வந்த விதத்தை ஊரே கதைத்தது. பாதிக் கதையைக் கட்டிவிட்டவன் நீ.

அன்று ஏறாவூரிலிருந்து பிள்ளை பெற்ற பெண்ணொருத்தியைக் கொண்டுவந்தார்கள். ரத்தப் போக்கு நிற்கவில்லை. சண்டையால் பாதைகள் அடைப்பு, அவளுடைய வகை ரத்தம் கைவசமில்லை.

"என்ட ரத்தம் சேரும்டா, எடு. மயங்கி எனக்கு மேல விழுந்திராத" என்று கையை நீட்டினாய்.

மெஷின் ஆடாமலிருக்க, ரத்தம் எடுத்த ஒற்றைக் கண்ணாடி ரியூப்புக்கு எதிரே தண்ணீர் ரியூப் வைப்பது வழக்கம். அன்று அவளுக்கு எதிரே உன்னை வைத்தேன். சின்ன அதிர்வுகூட இல்லை. ரத்தம் பொருந்தியது. அவள் பிழைத்தாள்.

மூன்றாம் நாள் வந்தாறுமூலைப் பக்கம் சைக்கிளில் போன நீ திரும்பவில்லை.

ரத்தம் கொடுத்தவரின் ரியூப்பை ஏழு நாள் வைத்திருந்து கொட்டிவிட வேண்டும். ஏழாம் நாள் பிரிட்ஜைத் திறந்தேன். கரண்ட் வந்துவந்து போனதில் மற்றவை எல்லாம் கலங்கிச் சிவந்து கிடந்தன. உன்னுடையது மட்டும் மேலே மஞ்சள், கீழே சிவப்பு, நடுவே நூல் பிடித்த கோடு. கொட்டினால், நீ செத்தாய் என்று நானே கையெழுத்து வைத்ததாகிவிடும். லேபிளை உரித்து, அன்றைய திகதி எழுதி ஒட்டினேன். அடுத்த ஏழாம் நாளும் அப்படியே. மாதங்கள் போயும் கோடு கலையவில்லை.

உன் மனைவி அறிந்து வந்தாள். நான்தான் எங்கேயோ உளறியிருப்பேன். என் வாய் உனக்குத் தெரியும்.

"அண்ணே, அவர்ட ஏதோ உங்கட்ட இரிக்காம். காரியம் செய்ய அவர்ட உடம்பும் கிடைக்கல்ல. அதெண்டாலும் தருவீங்களா?"

"எடுங்க தங்கச்சி."

ரியூப்பை வெளிச்சத்தில் பிடித்து, மெல்லக் கவிழ்த்தாள். மஞ்சளும் சிவப்பும் கலந்து, அப்போதுதான் எடுத்த ரத்தமாயிற்று. திடுக்கிட்டு என் கையில் திணித்தாள்.

"சூடா இரிக்கண்ணே! எனக்கு வேணாம், நீங்களே வையுங்க. அவர் வருவார்."

என் கைக்கு அது சில்லிட்டுத்தான் இருந்தது. அவளிடம் சொல்லவில்லை.

இடமாற்றம் வந்த அன்று கடைசித் தடவையாகத் திகதி மாற்றி, பிரிட்ஜை மூடிவிட்டு வந்தேன். அதற்கடுத்த ஏழாம் நாள் யார் திறந்தார்கள், என்ன செய்தார்கள்? யார் வீட்டுக் கறி கருகினாலும் போய் விசாரிக்கிற நான், இதை மட்டும் இன்றுவரை விசாரிக்கவில்லை.

வழியில் கண்டால் உன் மனைவி கேட்பாள்: "பத்திரமா இரிக்காண்ணே?"

"ஓம் தங்கச்சி" என்கிறேன்.